இங்கிலாந்தில் ஆங்கில இலக்கியமும் படைப்பெழுத்தும் சேர்த்துப் படிக்கப் போகிறீர்களா?

போன வாரம் ஊரிலிருந்து ஒரு தம்பி போனில் கேட்டான்: "அக்கா, இங்கிலீஷ் லிட்டரேச்சரும் கிரியேட்டிவ் ரைட்டிங்கும் சேர்த்து ஒரே டிகிரியா இருக்காமே, அதுல என்னதான் சொல்லித் தருவாங்க? கதை எழுதறத எப்படிச் சொல்லித் தர முடியும்?" ஒரு மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இங்கிலாந்தில் மூன்று வருடம் இந்தப் பட்டம் படித்தவள் நான். போகும் முன் யாராவது எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று அங்கே பலமுறை நினைத்த விஷயங்கள் இவை.

தம்பியின் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். எழுதுவதற்கு முன்னால் படிக்கச் சொல்லித் தருவார்கள். ஒரு சொல் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று அடுத்தவர் எழுதியதைக் கேட்டுக் கேட்டுப் பழகினால், ஒரு நாள் உங்கள் பக்கத்தையும் அதே கண்ணால் பார்ப்பீர்கள். பட்டத்தின் இரண்டு பாதிகளும் சந்திப்பது அங்கேதான். இலக்கியப் பாடத்தைக் கடனே என்று படித்துவிட்டு எழுத்து வகுப்பில் மட்டும் ஜொலிக்கலாம் என்று வருபவர்கள் இரண்டிலும் சிரமப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

என்ன படிப்பு, எங்கே இருக்கிறது

எழுத்தைப் பல்கலைக்கழகத்தில் பட்டமாகச் சொல்லித்தரும் வழக்கம் அமெரிக்காவில் வேர் பிடித்தது. அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்தாளர் பயிலரங்கம் 1936இல் தொடங்கியது. இங்கிலாந்தில் நாவலாசிரியர்கள் மால்கம் பிராட்பரியும் ஆங்கஸ் வில்சனும் நாரிச் நகரிலுள்ள ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் 1970இல் எம்.ஏ. வகுப்பைத் தொடங்கினார்கள். அந்த வகுப்பின் முதல் மாணவர், பின்னாளில் புகழ்பெற்ற நாவலாசிரியரான இயன் மெக்இவன். 2017இல் நோபல் பரிசு வாங்கிய கசுவோ இஷிகுரோ அங்கே 1980இல் எம்.ஏ. முடித்தவர். இன்று ஈஸ்ட் ஆங்கிலியா, வாரிக், லங்காஸ்டர், மான்செஸ்டர் என்று பல பல்கலைக்கழகங்களில் பி.ஏ. அளவிலேயே இலக்கியமும் படைப்பெழுத்தும் சேர்ந்த பட்டம் இருக்கிறது.

பட்டத்தின் பெயரைக் கவனமாகப் பாருங்கள். நடுவில் 'அண்ட்' என்று இருந்தால் இரண்டுக்கும் ஏறத்தாழச் சம பங்கு. 'வித்' என்று இருந்தால் பெரும்பகுதி இலக்கியம், எழுத்து சிறுபகுதி. பொதுவாக அப்படித்தான், ஆனாலும் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஒவ்வொரு வருடமும் எந்தெந்தப் பாடம் கட்டாயம், எது விருப்பம் என்ற பட்டியல் பல்கலைக்கழகத் தளத்தில் இருக்கும். அதை எடுத்து வைத்துக்கொண்டு எழுத்துப் பாடங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். சில இடங்களில் முதல் வருடத்தில் ஒரே ஒரு எழுத்துப் பாடம்தான் இருக்கும்.

இங்கிலாந்தில் பி.ஏ. மூன்று வருடம், மொத்தம் 360 கிரெடிட். வருடத்துக்கு 120. ஒரு 20 கிரெடிட் பாடத்துக்கு 200 மணி நேர உழைப்பு என்று கணக்கு. அதில் வகுப்பில் உட்காரும் நேரம் மிகக் குறைவு. வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம்தான் வகுப்பு என்றதும் வீட்டில், "இதுக்கா இவ்வளவு பணம்?" என்பார்கள். மீதி நேரமெல்லாம் தனியாக உட்கார்ந்து படிப்பதற்கும் எழுதுவதற்கும்.

விண்ணப்பம்

விண்ணப்பம் யூகாஸ் என்ற பொது அமைப்பு வழியாகப் போகும். ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுக்கலாம். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜுக்கு அக்டோபர் 15 கெடு. மற்றப் பெரும்பாலான இடங்களுக்கு ஜனவரியில் ஒரு நாள். அந்தத் தேதி வருடத்துக்கு வருடம் மாறும். 12ஆம் வகுப்பு மதிப்பெண்ணை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒவ்வொரு விதமாக எடுத்துக்கொள்ளும். நம் மாநில வாரியத்துக்கும் மத்திய வாரியத்துக்கும் தனித்தனி அளவு வைத்திருக்கும் இடங்களும் உண்டு. எனவே அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் இந்தியப் பக்கத்தைப் படித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் சேர்க்கை அலுவலகத்துக்கு மெயில் போடுங்கள். பதில் வரும். ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் பெரும்பாலும் 6.5 அல்லது 7 கேட்பார்கள்.

விண்ணப்பத்தோடு உங்களைப் பற்றி நீங்களே எழுதித் தரும் தன்னிலைக் கட்டுரை (பெர்சனல் ஸ்டேட்மென்ட்) முன்பு ஒரே நீளமான கட்டுரையாக இருந்தது. 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள்: ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்தது எப்படி உங்களைத் தயார் செய்தது, பாடத்துக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றும் சேர்ந்து, இடைவெளிகளையும் எண்ணி, 4,000 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு பதிலும் குறைந்தது 350 எழுத்துகள்.

"சின்ன வயதிலிருந்தே எனக்குப் புத்தகம் என்றால் உயிர்" என்று தொடங்காதீர்கள். படிப்பவருக்கு அதிலிருந்து உங்களைப் பற்றி ஒன்றும் தெரியவராது. ஒரே ஒரு புத்தகத்தை எடுத்து, அதில் ஒரு இடத்தைக் காட்டி, அங்கே உங்களுக்கு என்ன உறைத்தது என்று நாலு வரி எழுதினால் போதும். அது தமிழ்ப் புத்தகமாகவும் இருக்கலாம். நான் குறுந்தொகையைப் பற்றி எழுதினேன். செம்புலப்பெயல்நீர்ப் பாட்டு ஏ.கே. ராமானுஜனின் மொழிபெயர்ப்பில் லண்டன் பாதாள ரயிலின் கவிதை வரிசையில் வந்திருக்கிறது, அங்கே அது புதிதல்ல. பாட்டில் 'எந்தை', 'நுந்தை' என்று உறவுச்சொல்லுக்குள்ளேயே எனது, உனது என்பது கலந்திருப்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்ற என் திணறலைத்தான் எழுதியிருந்தேன்.

எழுத்து மாதிரி கேட்கும் துறைகளும் உண்டு. பெரிய நாவலின் முதல் அத்தியாயத்தை அனுப்புவதைவிட முழுமையான ஒரு சிறுகதையோ மூன்று கவிதைகளோ அனுப்புவது நல்லது என்பது என் கருத்து. எதைத் தொடங்கினீர்கள் என்பதோடு எப்படி முடித்தீர்கள் என்பதும் தெரியும் அல்லவா?

கிளம்பும் முன் படிக்க வேண்டியது

செப்டம்பரில் வகுப்பு தொடங்கும் முன் வாசிப்புப் பட்டியல் வந்துவிடும். அந்தக் கோடையில் பட்டியலிலுள்ள தடித்த நாவல்களை முடித்துவிடுங்கள். பருவம் தொடங்கிவிட்டால் வாரத்துக்கு ஒரு நாவல், கூடவே கவிதை, கூடவே இரண்டு விமர்சனக் கட்டுரை என்று போகும். எண்ணூறு பக்க விக்டோரியன் நாவலை அப்போது ஒரு வாரத்தில் படிக்க உட்கார்ந்தால் மூச்சு முட்டும். கவிதையையும் நாடகத்தையும் பருவத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அவை சின்னவை, பலமுறை படிக்க வேண்டியவை.

இன்னொன்று, பழைய ஆங்கிலத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். கவிஞர் சாசரின் 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தைப் பார்த்து வகுப்பே மிரண்டது. எனக்கு அது பழகிய காரியமாகத்தான் இருந்தது. சங்கப் பாட்டைப் பதம் பிரித்து, உரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பள்ளியில் படித்தவர்கள்தானே நாம்? பக்கத்தின் அடியில் சொற்பொருள் தரும் நல்ல பதிப்பை வாங்கி, வாய்விட்டுப் படியுங்கள். இரண்டு வாரத்தில் காது பிடித்துக்கொள்ளும்.

புத்தகம் வாங்கும்போது ஆசிரியர் குறிப்பிட்ட பதிப்பையே வாங்குங்கள், பழைய பிரதியானாலும் பரவாயில்லை. இல்லையென்றால், வகுப்பில் "பக்கம் 112ஐப் பாருங்கள்" என்றதும் எல்லோரும் திருப்பும்போது நீங்கள் போன் திரையில் தேடிக்கொண்டிருக்க வேண்டி வரும். ஆக்ஸ்ஃபாம் போன்ற அறக்கட்டளைக் கடைகளில் இரண்டு மூன்று பவுண்டுக்கு நல்ல பிரதிகள் கிடைக்கும். முந்தைய மாணவர் பென்சிலில் எழுதிய ஓரக்குறிப்போடு கிடைத்தால் இன்னும் நல்லது.

செமினார் அறையில்

லெக்சரில் ஆசிரியர் பேசுவார், நாம் கேட்போம். செமினாரில் பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து நாம் பேச வேண்டும். ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். நமக்கு 'சார்', 'மேடம்' என்று நாக்கில் வந்து நிற்கும். ஒரு மாதத்தில் பழகிவிடும். முதல் சில வாரங்கள் நான் வாயே திறக்கவில்லை. மற்றவர்கள் பாதி யோசித்ததையும் அப்படியே பேசிவிடுவார்கள், நானோ வாக்கியத்தை மனதுக்குள் முழுசாகக் கட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். பிறகு ஒரு வழி பிடித்தேன். வகுப்புக்கு முன்பே ஒரு வரியை அடிக்கோடிட்டு, அதைப் பற்றி ஒரு கேள்வியை ஓரத்தில் எழுதிக்கொண்டு போவேன். முதல் பத்து நிமிடத்துக்குள் அதைக் கேட்டுவிடுவேன். அதன்பின் பேசுவது எளிதாகிவிட்டது. நீங்களும் செய்து பாருங்கள்.

இந்தப் படிப்பின் அடித்தளம் கூர்ந்து வாசிப்பது. விமர்சகர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதியதை வைத்து 1929இல் ஒரு புத்தகம் போட்டார். பெயர் தெரியாதபோது பெரிய கவிஞரையும் மாணவர்கள் சுலபமாகத் தவறவிட்டார்கள். அந்தப் பயிற்சி இன்றும் தொடர்கிறது. ஒரு பக்கத்தைக் கொடுத்து, "என்ன பார்க்கிறீர்கள்?" என்று கேட்பார்கள்.

எனக்குக் கண் திறந்த நாளைச் சொல்கிறேன். வில்லியம் பிளேக் 1794இல் வெளியிட்ட 'லண்டன்' கவிதை. பதினாறே வரி. முதல் வரியில் தெருவுக்கும் இரண்டாம் வரியில் தேம்ஸ் ஆற்றுக்கும் 'சார்ட்டர்ட்' என்ற ஒரே அடைமொழி வருகிறது. சார்ட்டர் என்றால் சாசனம், அரசர் ஒரு நகரத்துக்கோ கம்பெனிக்கோ எழுதிக் கொடுக்கும் உரிமைப் பத்திரம். கிழக்கிந்தியக் கம்பெனி 1600இல் அப்படி ஒரு சாசனம் வாங்கித்தான் பிறந்தது. இதை நான் சொன்னதும் அறையில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு பேச்சு அதைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் ஓடியது. ஒருவருக்கு எழுதிக் கொடுத்த உரிமை என்றால் மற்றவருக்கு இல்லை என்றுதானே பொருள்? தெருவுக்குச் சாசனம் எழுதலாம். ஓடுகிற ஆற்றுக்கு?

அப்புறம் ஆசிரியர் ஒரு படத்தைத் திரையில் காட்டினார். பிளேக்கின் நோட்டுப் புத்தகம், இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 1787இல் இறந்துபோன தம்பி ராபர்ட்டின் நோட்டு அது, அதைத்தான் பிளேக் தொடர்ந்து பயன்படுத்தினார். அந்தப் பக்கத்தில் தெருவுக்கும் ஆற்றுக்கும் முதலில் அவர் எழுதியிருந்த சொல் 'டர்ட்டி'. அழுக்குத் தெரு, அழுக்கு ஆறு. யாரும் எழுதக்கூடிய சொல். பிறகு மாற்றியிருக்கிறார். அழுக்கு என்றபோது ஊர் அசிங்கமாக இருக்கிறது என்ற செய்தி மட்டும் இருந்தது. சாசனம் என்றதும் அந்த அழுக்குக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும் உள்ளே வந்துவிட்டது. அவ்வளவு பெரிய கவிஞருக்கும் முதலில் வந்தது எல்லோருக்கும் வரும் சொல்தான் என்பது அன்று எனக்கு எத்தனை தெம்பாக இருந்தது! அன்று இரவே என் பழைய கதையை எடுத்து, என்னுடைய 'டர்ட்டி'கள் எவை என்று தேட ஆரம்பித்தேன்.

கட்டுரை எழுதுவது

நம் பள்ளித் தமிழ்த் தேர்வில் 'நயம் பாராட்டுக' கேள்வி ஞாபகம் இருக்கிறதா? திரண்ட கருத்து, மையக்கருத்து, எதுகை, மோனை, இயைபு, அணி, சந்தம் என்று தலைப்புப் போட்டு எழுதுவோம். கண்ணைப் பழக்கும் நல்ல பயிற்சி அது, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே அதே பாணியில் எழுதினால் மதிப்பெண் வராது. என் முதல் கட்டுரைக்கு 58 வந்தது. ஆசிரியர் ஓரத்தில் ஒரே கேள்வியை நாலு இடத்தில் எழுதியிருந்தார்: "அதனால் என்ன?"

"பிளேக் திரும்பக் கூறல் என்ற உத்தியைக் கையாள்கிறார், இது கவிதைக்கு அழகு சேர்க்கிறது" என்று எழுதினால் உத்தியின் பெயர் மட்டும் கிடைக்கிறது. அது என்ன வேலை செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்: "தெருவுக்கு வரும்போது சட்டச் சொல்லாகப் பொருந்திப்போகும் சொல், அடுத்த வரியில் ஆற்றுக்கும் வரும்போது திகைக்க வைக்கிறது. ஓடும் நீருக்கும் பட்டா போட்டுவிட்டார்கள். சொல் மாறாததால்தான் அந்த அத்துமீறல் தெரிகிறது." இப்படி எழுதினால் அதன்மேல் ஒரு வாதம் கட்டலாம்.

நான் பின்பற்றிய வரிசை இது. தலைப்பு கிடைத்ததும் விமர்சன நூல்களைத் தொடாமல் மூலத்தை இரண்டு முறை படிப்பேன். ஐந்தாறு இடங்களைக் கையால் நகலெடுத்து, ஒவ்வொன்றின் கீழும் தோன்றியதை எழுதுவேன். அவற்றிலிருந்து ஒரு வாக்கியத்தில் என் வாதம் வந்த பிறகுதான் நூலகத் தரவுத்தளங்களுக்குப் போவேன். முதலிலேயே விமர்சகர்களைப் படித்தால் அவர்கள் சொன்னதைத்தான் நாமும் பார்ப்போம். நம் ஊரில் நோட்ஸ் வாங்கிப் படித்த பழக்கம் இருந்தால் இதில் கூடுதல் கவனம் தேவை. ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதி பல்கலைக்கழக நூலகக் கணக்கு வழியாக முழுசாகக் கிடைக்கும். ஒரு சொல்லுக்கு எந்த நூற்றாண்டில் என்ன பொருள் இருந்தது என்று காலவாரியாக, சான்று வரியோடு காட்டும். அந்த மூன்று வருடத்தில் நான் அதிகம் திறந்த புத்தகம் அதுதான்.

அடுத்தவர் கருத்தை எடுத்தால் எங்கிருந்து எடுத்தோம் என்று குறிக்க வேண்டும். துறை எந்தக் குறிப்பு முறையைக் கேட்கிறதோ அதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள். 'டர்னிட்டின்' என்ற மென்பொருள், வேறெங்காவது இருக்கும் எழுத்தோடு உங்கள் கட்டுரைக்கு உள்ள ஒற்றுமையைக் காட்டிக் கொடுக்கும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எந்த அளவு பயன்படுத்தலாம் என்பதற்கும் ஒவ்வொரு துறையிலும் விதி இருக்கிறது. அதைப் படிக்காமல் எதையும் சமர்ப்பிக்காதீர்கள்.

மதிப்பெண்ணைப் பார்த்துக் கலங்க வேண்டாம். 40 தேர்ச்சி, 60க்கு மேல் நல்ல நிலை, 70 வந்தால் முதல் வகுப்பு. 95 வாங்கிப் பழகியவர்கள் 64ஐப் பார்த்து அழுதிருக்கிறார்கள். 64 நல்ல மதிப்பெண். பெரும்பாலான இடங்களில் முதல் வருட மதிப்பெண் கடைசித் தரத்தில் சேராது, தேர்ச்சி பெற்றால் போதும். ஆகவே துணிந்து பிழை செய்ய வேண்டிய வருடம் அது. ஆசிரியர்களுக்கு வாரத்தில் ஒரு மணி நேரமாவது மாணவரைச் சந்திக்கும் நேரம் உண்டு. பாதிப் பேர் போவதே இல்லை. திருத்திய கட்டுரையை எடுத்துக்கொண்டு போய், "இந்த இடத்தில் என்ன செய்திருக்கலாம்?" என்று கேளுங்கள்.

ஒர்க்‌ஷாப்

எழுத்து வகுப்பை ஒர்க்‌ஷாப் என்பார்கள். ஒரு வாரம் இரண்டு மூன்று பேர் முறை. இரண்டு நாள் முன்பே கதையையோ கவிதையையோ எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். மற்றவர்கள் படித்து ஓரத்தில் குறிப்பு எழுதிக்கொண்டு வருவார்கள். பல வகுப்புகளில் எழுதியவர் பேசக் கூடாது என்பது விதி. இருபது நிமிடம் உங்கள் கதையை உங்கள் முன்னாலேயே அலசுவார்கள், நீங்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பீர்கள். "நான் சொல்ல வந்தது அது இல்லை" என்று தொண்டை வரை வரும். பேசாமல் இருங்கள். கதை அச்சில் வந்தால் ஒவ்வொரு வாசகர் பக்கத்திலும் போய் நின்று விளக்க முடியாதே.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, வாடகைப் பந்தலைப் பிரிக்க ஆள் வருகிறார். பாக்கிப் பணம் கேட்கச் சங்கடப்படுகிறார். அவ்வளவுதான் கதை. வகுப்பில் முதல் கேள்வியே, "யார் இந்த ஆள், துக்க வீட்டில் இவருக்கு என்ன வேலை?" அடுத்து, "பதினாறாம் நாள் என்றால் என்ன?" கடைசியில் ஒரு சொற்பட்டியல் சேர்க்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். நான் வீட்டுக்குப் போய் இரண்டு பத்தி சேர்த்தேன். நம் பக்கத்தில் இறப்புச் சடங்கு எப்படி நடக்கும், பந்தல் எதற்கு, சாமான் வாடகை என்றால் என்ன என்று விளக்கமாக.

ஆசிரியர் அந்த இரண்டு பத்திக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, "இதைக் கதைக்குள் யார் யாரிடம் சொல்கிறார்கள்?" என்று கேட்டார். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. நான் அந்த அறையிலிருந்த பன்னிரண்டு பேருக்காக, என் பாத்திரங்களின் தலைக்கு மேலே பேசிக்கொண்டிருந்தேன்.

பத்திகளை எடுத்துவிட்டு மறுபடி எழுதினேன். அவர் பிளாஸ்டிக் சேர்களைப் பத்துப் பத்தாக அடுக்குகிறார். நூறு கொடுத்தது, தொண்ணூற்றொன்பதுதான் இருக்கிறது. மறுபடி எண்ணுகிறார். திண்ணையில், கொல்லையில் பார்க்கிறார். நிலைப்படியில் நின்றிருந்த அம்மாவிடம் கேட்கப் போனவர், அவர் தோளைத் தாண்டி உள்ளறையைப் பார்க்கிறார். நூறாவது சேர் அங்கே இருக்கிறது. அதன்மேல் மாலை போட்ட போட்டோ. "அது இருக்கட்டும்மா, அப்புறமா வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார். இந்த வடிவத்தை அடுத்த பருவத்தில் வேறொரு குழுவுக்குக் கொடுத்தேன். பதினாறாம் நாள் என்றால் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த நடைமுறை ஒன்று. வகுப்பில் கேள்வி வந்தால், கேள்வி உண்மையானது, அங்கே ஏதோ தடுக்கிறது. ஆனால் அவர்கள் சொல்லும் மருந்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று பேர் ஒரே வரியில் தடுக்கினால், கோளாறு பலசமயம் அதற்கு இரண்டு பக்கம் முன்னால் இருக்கும். குறிப்புகளை மடித்து வைத்துவிட்டு மூன்று நாள் கழித்துத் திருத்த உட்காருங்கள். அதே இரவில் திருத்தினால் எல்லோர் பேச்சையும் கேட்டு, கதை யாருடையதும் இல்லாமல் போய்விடும்.

தமிழ்ச் சொற்களை என்ன செய்வது என்ற கேள்வி கட்டாயம் வரும். நான் சாய்வெழுத்தில் போடுவதில்லை. அத்தை அத்தைதான், ஆங்கிலத்தில் அந்த உறவை ஒரே சொல்லால் சொல்ல முடியாது. ஆனால் ஆங்கிலத்தில் சாதாரணமாகப் பெயர் இருக்கும் பொருளுக்கு, மணம் வரட்டும் என்று தமிழ்ச் சொல்லைத் தூவுவதும் எனக்குப் பிடிக்காது. ஒரு சொல்லுக்கு ஒரே எழுத்துக்கூட்டல் என்று முதலிலேயே முடிவு செய்து கதை முழுக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தவர் கதைக்குக் கருத்துச் சொல்வதும் உங்கள் படிப்புத்தான். "நன்றாக இருக்கிறது" என்பதில் எழுதியவருக்கு எந்த உதவியும் இல்லை. முதலில் கதை என்ன செய்கிறது என்று சொல்லுங்கள். பிறகு எந்த வரியில் நெருங்கினீர்கள், எந்த வரியில் விலகினீர்கள் என்று சொல்லுங்கள். உங்களுக்குப் பிடித்த மாதிரி அவர் கதையை மாற்றி எழுதிக் காட்டாதீர்கள்.

போர்ட்ஃபோலியோ

எழுத்துப் பாடங்களில் பெரும்பாலும் தேர்வு கிடையாது. பருவ முடிவில் ஒரு கதையோ கவிதைத் தொகுப்போ கொடுக்க வேண்டும், கூடவே ஒரு விளக்கக் கட்டுரையும். இதைத்தான் போர்ட்ஃபோலியோ என்பார்கள். அந்த விளக்கக் கட்டுரையில்தான் பலர் மதிப்பெண்ணை விடுகிறார்கள். "என் பாட்டி இறந்தபோது எனக்கு இந்தக் கதை தோன்றியது" என்று எழுதினால் போதாது. எந்த இடத்தில் என்ன தேர்வு செய்தீர்கள், ஏன், யாரைப் படித்து அதைக் கற்றீர்கள், எதைக் கைவிட்டீர்கள் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பழைய வடிவங்கள் கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை திருத்தும்போதும் தேதி போட்டுத் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். என் சேர் கதைக்கு ஏழு கோப்புகள் இருந்தன. மூன்றாவதில் அந்த இரண்டு பத்தி, நான்காவதில் அது இல்லை. விளக்கக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு மாற்றத்தைப் பற்றித்தான் எழுதினேன்.

பணம், விசா, வேலை

வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் ஆண்டுக்குப் பெரும்பாலும் 20,000 பவுண்டைத் தாண்டும். அங்கே அரசு மருத்துவ வசதியைப் பயன்படுத்துவதற்கான கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்ட், விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே மொத்தமாகக் கட்ட வேண்டும். வீட்டை அடமானம் வைத்து இந்தப் பி.ஏ.வுக்குப் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். இங்கேயே பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு, உதவித்தொகை கிடைத்தால் ஒரு வருட எம்.ஏ.வுக்குப் போவது செலவு குறைந்த வழி.

மாணவர் விசாவில் பருவ நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம். ஆனால் சுயதொழில் கூடாது. எழுத வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பத்திரிகைக்கு எழுதிப் பணம் வாங்குவது, ஃப்ரீலான்ஸ் வேலை எல்லாம் அதற்குள் அடங்கிவிடலாம். பணம் தரும் எந்த எழுத்து வேலைக்கும் சம்மதிக்கும் முன் பல்கலைக்கழகத்தின் விசா ஆலோசகரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

படிப்பு முடிந்தபின் அங்கே தங்கி வேலை தேடப் பட்டதாரி விசா உண்டு. இரண்டு வருடமாக இருந்த அந்தக் காலம், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் பி.ஏ., எம்.ஏ. பட்டதாரிகளுக்கு 18 மாதமாகிறது. என் வகுப்பில் படித்தவர்கள் பதிப்பகம், பள்ளி ஆசிரியர் வேலை, விளம்பர எழுத்து, நூலகம் என்று பல இடங்களில் இருக்கிறார்கள். எழுத்தை மட்டும் நம்பி வாழ்பவர் யாரும் இல்லை. இதை வீட்டில் முன்பே பேசிவிடுவது நல்லது.

கடைசியாக ஒரு வேலை, மூன்றாம் வருடம் முடியும் முன் செய்ய வேண்டியது. பட்டம் வாங்கியதும் நூலகக் கணக்கு மூடப்படும், ஒர்க்‌ஷாப்பும் இருக்காது. உங்கள் கதையை நன்றாகப் படித்த மூன்று பேரை அதற்குள் அடையாளம் கண்டு, தொடர்ந்து அனுப்பிக்கொள்வதாகப் பேசி வையுங்கள். உங்களை அதிகம் புகழ்ந்தவரைவிட, உங்களைத் திரும்ப எழுத உட்கார வைத்தவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் நால்வர். ஒருத்தி லீட்ஸில், ஒருவன் டப்ளினில், ஒருத்தி இன்னமும் நாரிச்சில், நான் கும்பகோணத்தில். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, எனக்கு மாலை ஆறு மணி. இந்த மாதம் என் முறை, பதினோரு பக்கம் அனுப்பியிருக்கிறேன்.